கீன்லேண்ட் ரேஸ் முதல் நாள்: மாடு விடும் விழா பார்த்த கண்ணுக்கு அங்கே என்ன வேலை?

காட்பாடியிலிருந்து ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். மகளும் மருமகனும் அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் இருக்கிறார்கள். ஏப்ரலில் அவர் அங்கே போய்ச் சேரும் வாரத்தில் கீன்லேண்ட் ரேஸ்கோர்ஸில் வசந்தகாலப் பந்தயம் ஆரம்பிக்கிறது. முதல் நாளுக்கே டிக்கெட் வாங்கி வைத்துவிட்டார்களாம். "ரேஸ் என்றாலே குடும்பத்தைக் கெடுக்கும் சூதாட்டம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பார்த்ததெல்லாம் நம் பக்கத்து மாடு விடும் விழாதான். அங்கே போய் எதைப் பார்ப்பது? முதல் நாளுக்கு அப்படி என்ன விசேஷம்?" இதுதான் கேள்வி.

ஐயா, நான் கால்நடை மருத்துவன். இளவயதில் கொஞ்ச காலம் கிண்டி லாயங்களில் வேலை பார்த்தேன். பிறகு அரசுப் பணி, பெரும்பாலும் நம் வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில்தான். தை பிறந்தால் மாசி பங்குனி வரை மாடு விடும் விழாக்களில் பரிசோதனை டியூட்டி. பயிற்சிக்காக லெக்சிங்டன் போனபோது ஒரு ஏப்ரல் மாதத்தில் நீங்கள் சொல்லும் கீன்லேண்டையும் பார்த்தேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: மாடு விடும் விழாவை ஒழுங்காகப் பார்த்தவருக்கு அங்கே யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என்ன, முதல் நாளில் ஓட்டத்தைவிட ஓட்டத்துக்கு முந்தைய இருபது நிமிடங்களைப் பாருங்கள். பணத்தைச் சட்டைப்பையிலேயே வையுங்கள், அல்லது இரண்டு டாலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளப் பதில்.

தென்மாவட்டத்து ஜல்லிக்கட்டு வேறு, நம்முடையது வேறு என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே காளையை யாரும் தழுவுவதில்லை. தெருவில் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, ஒவ்வொரு காளையாக அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பார்க்கிறோம். குறைந்த நேரத்துக்கு முதல் பரிசு. ஆக, நம்முடையது கடிகாரத்தோடு ஓடும் ஓட்டம். குதிரை ரேஸில் எட்டு, பத்து, பன்னிரண்டு குதிரைகள் ஒன்றாகக் கிளம்பும். அங்கே நேரம் இரண்டாம்பட்சம், முந்துவதுதான் கணக்கு. வேகமான குதிரை உள்பக்கத்தில் அடைபட்டுக்கொண்டு தோற்பதும், சுமாரான குதிரை வழி கிடைத்து ஜெயிப்பதும் அன்றாடம் நடக்கிற விஷயம். ஆனால் அணைக்கட்டுப் பக்கமோ கே.வி.குப்பம் பக்கமோ, காளையை அவிழ்ப்பதற்கு முன்னால் அனுபவப்பட்ட ஒரு மனிதர் அதைச் சுற்றிவந்து பார்ப்பாரே, கண்ணைப் பார்த்து, காலைப் பார்த்து, "இது இன்றைக்கு ஓடாது" என்று சொல்லிவிட்டு நகர்வாரே, அந்தப் பார்வை இரண்டுக்கும் பொது.

இப்போது கீன்லேண்டுக்கு வருவோம். அந்த ரேஸ்கோர்ஸில் முதல் பந்தயம் நடந்தது 1936 அக்டோபரில். வருடம் முழுக்க ரேஸ் நடக்கிற இடமில்லை அது. ஏப்ரலில் சுமார் மூன்று வாரம், அக்டோபரில் சுமார் மூன்று வாரம், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அங்கே நடப்பது குதிரை ஏலம். செப்டம்பரில் நடக்கும் ஒரு வயதுக் குட்டிகளின் ஏலத்துக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். சுற்றிலும் பண்ணைகள்தான். அந்த மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல் பாறை. தண்ணீரிலும் புல்லிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதனால் குட்டிகளின் எலும்பு உறுதிப்படுகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள். பெருமையில் எத்தனை சதவீதம் விஞ்ஞானம், எத்தனை வியாபாரம் என்று நான் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. பழமையில் பிடிப்புள்ள இடம் என்பது மட்டும் உண்மை. 1997 வரை அங்கே ஒலிபெருக்கியில் பந்தய வர்ணனையே கிடையாது. குதிரை எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டுமா, கண்ணால் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

முதல் நாளுக்கு என்ன விசேஷம் என்று கேட்டீர்கள். கூட்டம், தொப்பி, கோட்டு சூட்டு, கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் இருக்கும்; அதெல்லாம் வெளி அலங்காரம். உள்ளே இருக்கிற விசேஷம் வேறு. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் சரியாகத் தெரியாது.

விளக்கிச் சொல்கிறேன். கென்டக்கியில் குளிர்காலம் கடுமையானது. நல்ல குதிரைகளில் நிறைய அப்போது ஊரிலேயே இருக்காது. சில ஃப்ளோரிடாவுக்குப் போயிருக்கும், சில நியூ ஆர்லியன்ஸுக்கு, சில ஆர்க்கன்சாவுக்கு. ஊரிலேயே தங்கியவை மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் டர்ஃப்வே பார்க் என்ற இன்னொரு ரேஸ்கோர்ஸில் செயற்கைத் தரையில் ஓடியிருக்கும். சில குதிரைகள் நவம்பரிலிருந்து பண்ணையில் ஓய்வில் இருந்துவிட்டு நேரே வரும். இவையெல்லாம் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. ஒன்று மண்தரையில் ஓடிப் பழகியது, ஒன்று செயற்கைத் தரையில், இன்னொன்று மூன்று நான்கு மாதமாக எங்குமே ஓடாதது. ரேஸ் புத்தகத்தில் அதனதன் பழைய கணக்கு அச்சாகியிருக்கும். ஆனால் ஒரு தரையின் கணக்கு இன்னொரு தரைக்கு அப்படியே பொருந்தாது. புல்தரை ஓட்டமும் அங்கே குளிர்காலம் முழுக்க இருக்காது, ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கும். மூன்றாவது வாரத்தில் எந்த டிரெயினரின் குதிரைகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன, தரை உள்பக்கம் வேகமா வெளிப்பக்கம் வேகமா என்று எல்லோருக்கும் ஒரு பிடி கிடைத்துவிடும். முதல் நாளில் அது கிடையாது. முப்பது வருடம் ரேஸ் பார்த்தவரும் நீங்களும் அன்றைக்குக் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். புத்தகம் கைவிடும் நாளில் கண்தான் துணை.

அதனால் நேரே பேடாக்குக்குப் போங்கள். ஓடப்போகும் குதிரைகளைச் சேணம் கட்டி, நடக்கவிட்டுக் காட்டும் இடம் அது. கீன்லேண்டில் சாதாரண டிக்கெட் வாங்கியவர்களும் அதன் வேலி ஓரம் வரை போகலாம். குதிரை உங்களுக்குச் சில அடி தூரத்தில் போகும். மூச்சு விடுவது கேட்கும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் சுமார் இருபது நிமிடம் இந்தக் காட்சி உண்டு.

என்ன பார்ப்பது? முதலில் நடை. குதிரை தளர்வாக நடக்கும்போது பின்னங்கால் குளம்பு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி, ஒரு சாண் முன்னால் விழுந்தால் முதுகும் இடுப்பும் இலகுவாக இருக்கின்றன என்று அர்த்தம். தடத்துக்கே எட்டாமல் குட்டை நடை போட்டால் எங்கோ பிடிப்பு இருக்கிறது, அல்லது மனசுக்குப் பிடிக்கவில்லை. தலை ஒவ்வொரு அடிக்கும் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். ஒரு முன்னங்கால் பதியும்போது மட்டும் தலை சற்றே தூக்கினால், அந்தக் காலில் வலி. நம் ஊர் மாட்டுக்கும் இதே இலக்கணம்தான்.

அடுத்தது வியர்வை. ஏப்ரல் முதல் வாரத்தில் லெக்சிங்டன் குளிராக இருக்கும். நம் கத்திரி வெயில் கணக்கெல்லாம் அங்கே எடுபடாது. அந்தக் குளிரில் ஒரு குதிரை ஓடாமலே வியர்த்தால் அது பதற்றம். குதிரை வியர்வையில் லேதரின் என்ற ஒரு புரதம் இருக்கிறது. அது சோப்பு மாதிரி நுரைக்கும். கழுத்தில் லேசாக ஈரம் இருந்தால் பரவாயில்லை. பின்தொடைகளுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளினால், பந்தயத்துக்கு வைத்திருந்த சக்தியில் ஒரு பங்கை அது பேடாக்கிலேயே செலவழித்துவிட்டது. விதிவிலக்கு உண்டு, எப்போதுமே நுரைத்துக்கொண்டே ஜெயிக்கிற குதிரையும் இருக்கும். ஆனால் முதல் நாளில், முன்பின் தெரியாத குதிரையிடம், நான் இதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்வேன்.

ரோமத்தைப் பாருங்கள். குளிர்காலம் முடிந்த நேரம் என்பதால் சில குதிரைகளுக்குப் பனிக்கால ரோமம் இன்னும் உதிர்ந்திருக்காது. மங்கலாக, கம்பளி போலத் தெரியும். பக்கத்திலேயே இன்னொன்று எண்ணெய் தேய்த்ததுபோல மின்னும். வெளிச்சம் படும்போது விலாவில் வட்டவட்டமாகப் புள்ளிகள் தெரியும். உடம்பு தயாராக இருப்பதற்கு அது ஓர் அடையாளம். விலா எலும்பு லேசாகத் தெரிய வேண்டும், எண்ணும்படி துருத்தக் கூடாது. வயிறு தொங்கினால் ஓய்வுகாலச் சதை இன்னும் கரையவில்லை. ரேஸ் குதிரை 450, 500 கிலோ இருக்கும். அதற்கு ஒரு பந்தயம், இரண்டு பந்தயம் ஓடிய பிறகுதான் உடம்பு கூர்மைப்படும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு முதல் நாளில் ஓட்டப்படும் குதிரைகளில் சிலவற்றுக்கு அன்றைய ஓட்டமே ஒரு பயிற்சிதான். டிரெயினருக்குத் தெரியும், உரிமையாளருக்கும் தெரியும். பணம் கட்டுகிறவருக்குத்தான் யாரும் சொல்லமாட்டார்கள்.

காதுகள் முன்னால் நிமிர்ந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தால் நல்லது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, வாலை விசிறி விசிறி அடித்தால் அது கோபமோ வலியோ. நாக்கைத் துணியால் கீழ்த்தாடையோடு கட்டியிருப்பதைப் பார்த்து உங்கள் பேரப்பிள்ளைகள் பயப்படலாம். குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது, மூக்கு வழிதான். ஓட்டத்தில் நாக்கு பின்னுக்கு இழுத்துக்கொண்டாலோ கடிவாளத்தின் மேலே ஏறிவிட்டாலோ தொந்தரவு, அதற்காகத்தான் அந்தக் கட்டு.

எந்தக் குதிரை எது என்று குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் பெரும்பாலான ரேஸ்கோர்ஸ்களில் சேணத்துக்குக் கீழே போடும் துணியின் நிறம் எண்ணுக்கு ஏற்றபடி நிலையானது: ஒன்று சிவப்பு, இரண்டு வெள்ளை, மூன்று நீலம், நான்கு மஞ்சள், ஐந்து பச்சை, ஆறு கறுப்பு. ஜாக்கியின் சட்டை உரிமையாளரின் நிறம், அது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும்.

வசந்தகாலத்தில் கீன்லேண்டுக்கே உரிய இன்னொன்று, இரண்டு வயதுக் குதிரைகளின் ஓட்டம். நாலரை ஃபர்லாங், அதாவது சுமார் 900 மீட்டர். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தையே பார்ப்பவை. பழைய கணக்கு என்று ஒரு வரிகூடக் கிடையாது. பேடாக்கில் ஒன்று பெண்கள் தொப்பியைப் பார்த்து மிரளும், ஒன்று தூங்கி வழியும், ஒன்று பக்கத்துக் குதிரையைக் கடிக்கப் பார்க்கும். பார்க்க மிக அழகான காட்சி. மருத்துவனாக எனக்கு அதில் உறுத்தலும் உண்டு. குதிரைகளுக்கு அங்கே ஜனவரி 1-ஆம் தேதியில் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வயது கூடும். நம் நாட்டிலும் அப்படியே. அதனால் மே மாதம் பிறந்த குட்டிக்கு ஏப்ரலில் இருபத்துநான்கு மாதம்கூட நிறைந்திருக்காது, ஆனால் ஏட்டில் இரண்டு வயது. முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடுவதே இரண்டு வயதுக்குப் பிறகுதான். இளம் எலும்பு அளவான ஓட்டத்தில் வலுப்படும் என்பது ஆராய்ந்து அறிந்த உண்மைதான். ஆனால் அந்த அளவு எது என்பதை ஏலத்தில் போட்ட காசு தீர்மானிக்கக் கூடாது.

ஓட்டம் தொடங்கியபின் கம்பி வேலி ஓரம் நில்லுங்கள். அமெரிக்காவில் எல்லா ரேஸும் இடப்பக்கமாக வளைந்துதான் ஓடும். வளைவில் குதிரை இடது முன்னங்காலைக் கடைசியாக, முன்னே வீசி வைக்கும். நேர்பாதைக்குள் திரும்பியதும் ஜாக்கி உடம்பைச் சற்று மாற்ற, குதிரை வலது காலுக்கு மாறும். களைத்த காலுக்கு ஓய்வு கொடுத்து, மற்றொரு காலை வேலைக்கு எடுப்பது அது. அந்த மாற்றம் நடந்த கணத்தில் குதிரை ஒரு எகிறு எகிறிப் பாய்வது கண்ணுக்கே தெரியும். மாறாமல் அதே காலில் நேர்பாதை முழுக்க ஓடுகிற குதிரை ஒன்று கற்றுக்குட்டி, அல்லது எங்கோ வலிக்கிறது. இன்னொன்றையும் கேளுங்கள்: முழுப் பாய்ச்சலில் குதிரைக்கு ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. தாவலும் மூச்சும் பூட்டுப் போட்டதுபோல ஒன்றாகவே போகும். முன்வரிசையில் நின்றால் குளம்புச் சத்தத்துக்கு நடுவே அந்த மூச்சும் காதில் விழும்.

இந்தப் பாய்ச்சலை ஒரு குதிரை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. ராணிப்பேட்டைப் பக்கம் பேசும்போது யாராவது கில்லெஸ்பி கதையை எடுத்துவிடுவார்கள். 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டு முகாமிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் குதிரைப்படையோடு விரைந்து வந்து, அந்த எழுச்சியைக் கொடூரமாக அடக்கியவர் அவர். "அந்தக் குதிரைகள் அவ்வளவு தூரம் நாலுகால் பாய்ச்சலில் வந்தனவா?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. வந்திருக்காது. படைக்குதிரை மாறி மாறித் துள்ளுநடையிலும் மிதமான ஓட்டத்திலும்தான் அத்தனை தூரம் வரும். ரேஸ் குதிரை மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், ஆனால் அது வெடிப்பு, பயணம் அல்ல.

முதல் வார இறுதியில் இரண்டு பெரிய பந்தயங்கள் வரும். மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கான ஆஷ்லேண்ட், 1,700 மீட்டருக்குச் சற்று மேல். அதே வயதுக் குதிரைகளுக்கான புளூ கிராஸ், 1,800 மீட்டருக்குச் சற்று மேல். இவற்றின் பின்னால் இருக்கும் கதை மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கும் கென்டக்கி டெர்பி, அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம். அதில் இருபது குதிரைகளுக்குத்தான் இடம். 2013 முதல் அந்த இடத்தைப் புள்ளிக் கணக்கில் கொடுக்கிறார்கள். புளூ கிராஸில் ஜெயித்தால் நூறு புள்ளி, அதாவது டெர்பிக்கு இடம் கிட்டத்தட்ட உறுதி. டெர்பிக்கு முந்தின நாள் நடக்கும் பெண்குதிரைகளின் ஓக்ஸுக்கு ஆஷ்லேண்ட் அப்படி ஒரு வாசல். ஆஷ்லேண்டைப் பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தத் தூரத்து மண்தரைப் பந்தயத்துக்கு வெற்றிக்கோடு வழக்கமான இடத்தில் இருக்காது, அதற்கு முன்பாகவே இன்னொரு கோடு உண்டு. தெரியாதவர்கள் வழக்கமான கோட்டுக்கு நேரே போய் நின்றுகொண்டு, பந்தயம் முடிந்த பிறகு கத்திக்கொண்டிருப்பார்கள்.

இனி சூதாட்ட விஷயம். நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ரேஸின் மேல் இருக்கும் பயம் காரணமில்லாதது அல்ல. காட்பாடி ஜங்ஷன் அமைந்த இடம் அப்படி. இந்தப் பக்கம் ரயில் ஏறினால் கிண்டி, அந்தப் பக்கம் ஏறினால் பெங்களூரு. சம்பளம் வாங்கிய கையோடு ஏறியவர்கள் எந்த நிலையில் திரும்பி வந்தார்கள் என்று பல வீடுகளுக்குத் தெரியும். தமிழ்நாடு அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கவே சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பிய ஆட்டம் அல்ல, திறமை மேலோங்கிய விளையாட்டு, எனவே சூதாட்டத் தடைக்குள் வராது. சட்டப்படி இன்றைக்கும் அதுதான் நிலை. வரி வேறு கதை. பந்தயப் பணத்துக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். நம் ஊரில் இந்தக் கணக்கில் ஒருவர் ரேஸில் காசு பார்ப்பார் என்று யாராவது சொன்னால், அவருக்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள்.

திறமை என்று நீதிமன்றம் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் கை, குதிரையைப் பார்த்து எடைபோடும் கண், எல்லாம் திறமைதான். ஆனால் பணம் கட்டுகிற எல்லோரிடமும் அந்தத் திறமை இருக்கிறது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. முதல் நாளில், மேலே சொன்ன காரணங்களால், திறமைசாலிகளிடமே அது குறைவு.

கீன்லேண்டில் புக்கி கிடையாது. எல்லாம் டோட் முறை. கட்டிய பணம் முழுக்க ஒரே குவியலாகச் சேரும். கிளப்பும் அரசும் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். மீதியை ஜெயித்த குதிரைக்குக் கட்டியவர்கள் பிரித்துக்கொள்வார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பந்தயத்தில் வின் குவியலில், அதாவது எது முதலில் வரும் என்று கட்டிய பணத்தில், ஒரு லட்சம் டாலர் சேர்கிறது, அதில் பதினாறு சதவீதம் பிடித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 84,000. ஜெயித்த குதிரைக்கு 21,000 டாலர் கட்டப்பட்டிருந்தால் ஒரு டாலருக்கு நான்கு டாலர் திரும்ப வரும். இரண்டு டாலர் சீட்டுக்கு எட்டு. கவனித்தீர்களா, நீங்கள் விளையாடுவது கிளப்போடு அல்ல, உங்களைச் சுற்றி நிற்கிற ஜனங்களோடு. கிளப்புக்கு எந்தக் குதிரை ஜெயித்தாலும் ஒரே வரும்படி.

இரண்டு டாலர் வைத்து ஒரு சீட்டு வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேடாக்கில் நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த குதிரையின் மேல் ஒரு சீட்டு இருந்தால் பார்வை கூர்மையாகும் என்பது உண்மைதான். வின் சீட்டோடு நில்லுங்கள். முதல் மூன்று குதிரைகளை வரிசையாகச் சொல்வது, தொடர்ந்து பல பந்தயங்களைச் சேர்த்துக் கட்டுவது எல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும். பிடித்தமும் அவற்றில்தான் பொதுவாக அதிகம். சீட்டை உடனே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பந்தயம் முடிந்தாலும் பலகையில் 'அஃபீஷியல்' என்று வரும் வரை முடிவு முடிவல்ல. இடையில் ஒருவர் வழியை ஒருவர் மறித்தார்கள் என்று விசாரணை வந்து, முதலில் வந்த குதிரையைப் பின்னால் தள்ளிவிடுவது உண்டு.

குதிரைகள் சாகின்றனவே என்று உங்கள் மகள் கேட்டால், மழுப்ப வேண்டாம். சாகத்தான் சாகின்றன. 2023-இல் அதே கென்டக்கியில், டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸில், வசந்தகாலப் பந்தயத்தை ஒட்டிய சில வாரங்களில் பன்னிரண்டு குதிரைகள் இறந்துபோக, மீதிப் பந்தயங்களை வேறு ஊருக்கே மாற்றினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2020-இல் சட்டம் போட்டு, நாடு முழுவதற்கும் ஒரே பாதுகாப்பு விதிகளை 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஒரு பந்தயத்தில் சாட்டையை ஆறு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, ஓடுவதற்கு முன் மருத்துவர் ஒவ்வொரு குதிரையையும் நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். நம் மாடு விடும் விழாவிலும் 2017 சட்டத்துக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, ஆட்சியர் அனுமதி, தடுப்பு வேலி எல்லாம் வந்துவிட்டன. விதி வந்தபின் விபத்து அறவே நின்றுவிட்டதா என்று கேட்டால் இரண்டு இடத்திலும் இல்லை. ஆனால் "இந்த மாட்டை இன்றைக்கு விடக் கூடாது" என்று சொல்லும் அதிகாரம் மருத்துவர் கையில் இருப்பது பெரிய மாற்றம். அதைச் சொன்னதற்காக விழாக் கமிட்டிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் இதே பருவத்து ரேஸ் என்றால் ஊட்டியாகத்தான் இருந்தது; ஏப்ரலில் தொடங்கிய கோடைப் பந்தயம். 2024-இல் குத்தகைப் பாக்கி வழக்கை அடுத்து அந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு கிண்டிக் குத்தகையையும் ரத்து செய்தது. அதைப் பற்றி எழுதினால் வேறு கேள்விக்குப் பதிலாகிவிடும்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயம். மெல்லிய கதர்ச் சட்டையோடு போய்விடாதீர்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் மழையும் குளிர்காற்றும் சேர்ந்து வரும், ஸ்வெட்டரும் குடையும் அவசியம். முதல் பந்தயம் மதியம் ஒரு மணி வாக்கில். பதினொரு மணிக்கே உள்ளே போய்விட்டால் பேடாக் வேலி ஓரம் இடம் கிடைக்கும். மூன்று பந்தயம் பேடாக்கில் பார்த்துவிட்டு, நான்காவதை ஓட்டப்பாதை ஓரம் பாருங்கள். எல்லாப் பந்தயத்துக்கும் இரண்டு இடத்துக்கும் ஓடினால் உங்கள் முட்டிதான் தேயும்.

கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்றால் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: பந்தய நாள் அல்லாத நாட்களிலும் காலையில் குதிரைகள் பயிற்சி ஓடுவதைப் பார்க்கப் பொதுமக்களை விடுவார்கள், கட்டணம் இல்லை. ஆறு மணியிலிருந்தே ஓட்டம் நடக்கும். பக்கத்திலேயே டிராக் கிச்சன் என்று ஒரு சாப்பாட்டுக் கூடம் உண்டு. லாயத்தில் வேலை செய்கிறவர்கள், டிரெயினர்கள், ஜாக்கிகள் எல்லாம் அங்கேதான் காலை உணவு சாப்பிடுவார்கள், வெளியாட்களும் போகலாம். இட்லி கிடைக்காது, முட்டையும் ரொட்டியும் கிடைக்கும். குதிரையைப் பற்றி ஏதாவது கேட்டால் பக்கத்து மேஜைக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார்.